மாறன் இன்னும் வரல

2023ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் தேதி, திங்கட்கிழமையிலிருந்து, சிங்கப்பூரின் கிராஞ்சியில் ஒரு தொழிலாளர் விடுதியில், இளமாறன் இல்லாமலேயே எண்ணிக்கை சரியாக வரத் தொடங்கியது. காலை ஆறரைக்கு லாரியில் ஏற வேண்டியவர்கள் இருபத்திரண்டு பேர். அன்று ஏறியவர்கள் இருபத்தொரு பேர். ஓட்டுநர் யாக்கூப் வழக்கம்போலப் பின்பக்கம் நின்று ஒவ்வொரு தலைக்கும் விரலை நீட்டி ஆங்கிலத்தில் எண்ணினார், இருபத்திரண்டு வந்தது. தடுப்புப் பலகையைத் தூக்கி மாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். கழிப்பறை வரிசையில் வாயில் பற்பசை நுரையோடு நின்றிருந்த இளமாறன் ஓடி வந்தபோது லாரி காவல் கூண்டைத் தாண்டியிருந்தது. யாக்கூப் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், பதினாறு ஆண்டுகளாக ஆட்களை ஏற்றி இறக்குகிறவர், எண்ணத் தெரிந்தவர். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

இதற்குக் காரணம் ஒரு கார்ட்டூன். அப்படிச் சொன்னால் நெய்னா முகம்மதுவுக்குக் கோபம் வரும். அதிராம்பட்டினத்துக்காரரான அவர் சாரம் கட்டுவதில் தேர்ந்தவர், ஐம்பதை நெருங்குகிறவர். அது கார்ட்டூன் இல்லை, அனிமே என்று திருத்துவார். 'திரும்பாத பாதங்கள்' என்ற அந்த ஜப்பானியத் தொடரைத் தமிழ்க் குரல்களோடு முப்பத்தாறு பகுதிகளும் தம் டேப்லெட்டில் இறக்கி வைத்திருந்தவர் அவர்தான். தினமும் காலையில் லாரி கிளம்பியதும் அதைக் கருவிப் பெட்டியின்மேல் சாய்த்து வைப்பார். இருபத்திரண்டு பேரும் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒரு மலைக்கோயிலின் அடிவாரத்தில் செருப்புகளுக்குக் காவலிருக்கும் ஒரு சிறுமியின் கதை. அநியாயத்துக்கு ஆளான யாராவது, தன் எதிரியின் இடது காலணியை எடுத்து, அதன் நுனி சுவரைத் தொடும்படி வைத்து, பெயரை மூன்று முறை சொன்னால், அவள் வந்து ஒரு டோக்கன் கொடுப்பாள். மறுநாளிலிருந்து எதிரிக்குப் போக வேண்டிய இடம் போய்ச் சேராது. அவளுக்கு ஜப்பானியப் பெயர் ஒன்று இருந்தது. லாரியில் எல்லோரும் டோக்கன் பாப்பா என்றார்கள்.

தொடரின் ஒரு பகுதி இருபத்து நான்கு நிமிடம். கிராஞ்சியிலிருந்து, அவர்கள் பழைய அடுக்குமாடிகளுக்கு வெளிப்பூச்சு அடித்துக்கொண்டிருந்த ஆங் மோ கியோவுக்கு, சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் இருபத்தொரு நிமிடம். எதிரி வசமாக மாட்டிக்கொண்டு, கடைசிப் பாட்டு தொடங்கும்போது லாரி கார் நிறுத்துமிடத்துக்குள் திரும்பும். பாட்டு வந்தால் படம் முடிந்தது என்பது அவர்கள் பிறந்த ஊர்க் கொட்டகைகளிலேயே கற்ற பாடம். கடைசிக் காட்சியில் இருக்கைக்கடியில் காலால் செருப்பைத் துழாவிப் பழகியவர்கள். நெய்னா டேப்லெட்டை அணைத்துப் பைக்குள் வைப்பார். மாலையில் திரும்பும்போது எல்லோரும் தூங்கிக்கொண்டு வருவார்கள். மறுநாள் அடுத்த பகுதி. இப்படி முப்பத்தாறு பழிவாங்கல்களையும் அந்த லாரி முழுமையாகப் பார்த்து முடித்தது. பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு பகுதியிலும் இன்னும் ஒன்றரை நிமிடக் கதை உண்டு என்பது அதில் ஒருவருக்கும் தெரியாது.

இளமாறனுக்குப் பழிவாங்க வேண்டியிருந்த ஆள் அதே அறையில், அவனுக்கு மேல் கட்டிலில் படுத்திருந்தான். அழகப்பன், அறந்தாங்கிப் பக்கம். இருவரும் ஒரே விமானத்தில் வந்து இறங்கியவர்கள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். பின்னர் அழகப்பன் கேங் லீடர் ஆனான். 2023 பொங்கலுக்கு அவர்கள் குழுவிலிருந்து ஒருவர் மட்டும் ஊருக்குப் போகலாம் என்று அலுவலகம் சொன்னது. முறைப்படி அது இளமாறனுடையது. இரண்டரை ஆண்டுகளாக அவன் மன்னார்குடிக்குப் பக்கத்திலிருக்கும் தன் ஊருக்குப் போகவில்லை; அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, பேச்சு குறைந்துகொண்டிருந்தது. அழகப்பன் தன் அம்மா படுத்த படுக்கையாக இருப்பதாக அலுவலகத்தில் சொல்லி அந்த விடுப்பை வாங்கிக்கொண்டு போனான். மாட்டுப் பொங்கலன்று இளமாறனின் அப்பா இறந்தார். போனவர் திரும்பட்டும், பிறகு போகலாம் என்று அலுவலகம் அனுதாபத்தோடு சொன்னது. அப்பாவின் தகனத்தை அவன் பெயின்ட் டின்மேல் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தான். சித்தப்பா மகன் தீப்பந்தத்தை நீட்டிய நேரம் படம் அப்படியே நின்றது. பத்து நிமிடம் பந்தம் அந்தரத்தில் நின்றிருந்தது. இணைப்பு மறுபடி வந்தபோது எல்லோரும் குளிக்கப் போயிருந்தார்கள்.

அழகப்பன் பிப்ரவரி நடுவில் ஒரு பை முறுக்கோடு திரும்பி வந்தான். அவன் கைப்பேசியிலிருந்த படங்களை அறையில் எல்லோரும் கைமாற்றிப் பார்த்தார்கள். தங்கையின் புதுமனை புகுவிழா. பட்டுச்சேலையில் அவன் அம்மா பந்தியில் சாம்பார் வாளியோடு நடந்துகொண்டிருந்தார்.

“படுத்த படுக்கைன்னியே மாப்ள,” என்றார் நெய்னா.

“படுத்துத்தான் பாய் இருந்தாங்க. நான் போனதும் எந்திரிச்சுட்டாங்க.”

அறையில் பத்துப் பேர் சிரித்தார்கள். அழகப்பன் சிரித்துவிட்டு, கீழ்க்கட்டிலில் இருந்த இளமாறனைப் பார்த்து, சிரிப்பை நிறுத்தினான். மன்னிப்புக் கேட்க அது சரியான நேரமாக இருந்தது. அவன் முறுக்கை நீட்டினான்.

அந்த ஞாயிறு பிற்பகல் எல்லோரும் லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தைக்குப் போயிருந்தபோது இளமாறன் நடைக்கூடத்துக் காலணி அடுக்கிலிருந்து அழகப்பனின் இடது பூட்ஸை எடுத்தான். இருபத்திரண்டு ஜோடியும் ஒரே கறுப்பு, ஒரே கம்பெனி. மார்க்கர் பேனாவால் எழுதிய பெயர்தான் அடையாளம். தன் அலமாரிக்குப் பின்னால், நுனி சுவரில் முட்டும்படி வைத்தான். பெயரை மூன்று முறை சொன்னான். நிமிர்ந்தபோது, துணி காயும் கம்பிகளுக்குக் கீழே, நெற்றியில் மயிர் வெட்டிவிட்ட ஒரு சிறுமி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டாள். அவன் ஊருக்குப் போகக் கூடாது என்றான் இளமாறன். “உங்கள் வேண்டுகோள் பெறப்பட்டது,” என்று தமிழில், சென்னை டப்பிங் குரலில், வாய் அசைவுக்கும் சொல்லுக்கும் சற்றே பொருந்தாமல் சொல்லி, முப்பத்தேழு என்று எண் போட்ட டோக்கனைக் கொடுத்தாள். எத்தனை நாளாகும் என்று கேட்டதற்கு, டோக்கனைத் தொலைக்க வேண்டாம் என்றாள்.

ஜூன் மாதம் அழகப்பன் தங்கை குழந்தையின் காதுகுத்துக்குக் கிளம்பினான். சாங்கியில் விமானம் ஏறினான், சன்னலோர இருக்கை, உப்புமா சாப்பிட்டான், திருச்சியில் இறங்கினான். இறங்கி நடந்த கூண்டுப் பாதையின் மறுமுனையில் சாங்கி இருந்தது. கம்பளத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. குடிநுழைவு அதிகாரி அவன் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, அறிவிக்க வேண்டிய பொருள் ஏதேனும் உண்டா என்று மட்டும் கேட்டார். அடுத்த மாதம் சென்னை வழியாகப் போனான், சாங்கிக்கு வந்தான். இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் படகில் போனான். ஏறிய துறையிலேயே இறங்கினான். மலேசியாவின் ஜோகூருக்குப் பேருந்தில் பாலத்தைக் கடந்தான், சிங்கப்பூர்க் கரையின் உட்லண்ட்ஸே வந்தது. அதன் பிறகு விடுப்புக் கேட்பதை விட்டுவிட்டான். ஊரில் அம்மாவிடம் லீவு கிடைக்கவில்லை என்றான். விடுப்பே எடுக்காத ஊழியர் என்று அந்த ஆண்டு விருந்தில் அலுவலகம் அவனுக்கு ஒரு சான்றிதழும் ஒரு குடையும் கொடுத்தது. அவன் மேடையேறி அவற்றை வாங்கியதைப் பார்த்தபோது இளமாறனுக்கு இருந்த மகிழ்ச்சியை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு முறை கோழி வாங்கிச் சாப்பிட்டான்.

தன்னுடைய பக்கத்தில் நடந்துகொண்டிருந்ததையும் அவன் முதலில் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டான். அவன் இருந்தால் எல்லோருக்கும் தெரிந்தான். பேசினார்கள், கிண்டல் செய்தார்கள், உப்பைக் கேட்டு வாங்கினார்கள். அவன் இல்லாதபோதுதான் அது ஒருவருக்கும் தெரியவில்லை. கட்டுமான வாசலில் விரல் வைக்கும் இயந்திரம் அவன் படுக்கையில் கிடந்த நாட்களிலும் அவன் வந்துவிட்டதாகச் சொன்னது. அவன் சுவரில் பாதி மட்டும் அடித்துவிட்டுப் போனால் மீதியை யாரோ அடித்திருந்தார்கள். யார் என்று அடித்தவருக்கும் தெரியவில்லை. அவன் வராத நாளில் சோற்றுப் பொட்டலம் ஒன்று மிஞ்சவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிராங்கூன் சாலையில் உலாவினான். வார நாளில் லிட்டில் இந்தியாவில் வெயிலும் சுற்றுலாப் பயணிகளும் மட்டும் இருந்தார்கள். பூக்கடைகளை வேடிக்கை பார்த்து, தேநீர் குடித்து, தாவரவியல் பூங்காவில் ஒரு வாத்தின் பின்னால் ஒரு முழுப் பிற்பகல் நடந்தான். சம்பளம் குறையவில்லை. சிங்கப்பூரில் இந்தச் சலுகை வேறெந்தத் தொழிலாளிக்கும் கிடைத்ததாகத் தகவல் இல்லை.

பிறகு ஒரு ஞாயிறு அவன் மனைவி கண்மணிக்குப் போன் செய்ய மறந்துவிட்டான். அடுத்த வாரம் பயந்துகொண்டே கூப்பிட்டான். அவள் வாழைத்தாரைப் பற்றிப் பேசினாள். போன வாரம் ஏன் கூப்பிடலன்னு கேக்கலியே என்றான். “நேத்துக்கூடப் பேசினோமேங்க,” என்றாள். சோதித்துப் பார்க்கலாம் என்று மூன்று வாரம் கூப்பிடாமல் இருந்தான். பிறகு இரண்டு மாதம். கோபமில்லை, அழுகையில்லை, தவறிய அழைப்பு ஒன்றுகூட இல்லை. இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டபோது, விட்ட இடத்திலிருந்து வாழைத்தாரைப் பற்றித் தொடர்ந்தாள். மகள் ரக்ஷனா பள்ளியில் வரைந்த குடும்பப் படத்தை அனுப்பினாள். அதில் அவன் நடுவில், கை நீட்டி, சிரித்துக்கொண்டு நின்றான். சிங்கப்பூர் போன அப்பாவை மற்றப் பிள்ளைகள் விமானத்துக்குள் வரைந்திருந்தார்கள். ரக்ஷனா வரைந்த அப்பா கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

2024 தீபாவளிக்கு அவனுக்கு விடுப்புக் கிடைத்தது. விமானம் அவனை ஒழுங்காகத் திருச்சியில் இறக்கியது. அழைக்க யாரும் வரவில்லை. பேருந்தைப் பிடித்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நான்கு ஆண்டுகள் கழித்து வீட்டு வாசலில் நின்றான். ஏழு வயது ரக்ஷனா ஒரு கண் பார்த்துவிட்டுச் சீப்பை நீட்டினாள். “இந்தப் பக்கம் ஜடை கோணலா இருக்குப்பா.” பின்னிவிட்டான். எண்ணிச் சுட்ட இட்லியில் அவனுக்கும் நான்கு இருந்தது. ஒருவரும் இளைத்துவிட்டாய் என்றோ கறுத்துவிட்டாய் என்றோ சொல்லவில்லை. பத்து நாள் அவர்களோடு நன்றாகத்தான் இருந்தான். பெட்டியில் இருந்த சாக்லெட்டைக் கடையில் வாங்கியதுபோல் தின்றார்கள். கிளம்பும் நாளில் ஊரே பேருந்து நிறுத்தத்துக்கு வந்து அழும் வழக்கம் அங்கு உண்டு. கண்மணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “வரும்போது மல்லித்தழை வாங்கிட்டு வாங்க,” என்றாள். சிங்கப்பூர் வந்த முதல் ஞாயிறு அவன் தேக்கா சந்தையில் ஒரு கட்டு மல்லித்தழை வாங்கினான். அதை என்ன செய்வதென்று தெரியாமல் நெய்னாவின் ரசத்தில் போட்டான்.

விளக்கம் நிவேதிதாவிடமிருந்து வந்தது. பல்கலைக்கழக மாணவியான அவள் டன்லப் தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் ஞாயிறுதோறும் தொழிலாளர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். பிடித்த தொடரைப் பற்றி ஐந்து வாக்கியம் பேச வேண்டும் என்பது ஒரு ஞாயிறின் பாடம். இளமாறன் ‘திரும்பாத பாதங்கள்’ கதையை நான்கு வாக்கியத்தில் சொன்னான். ஐந்தாவது இல்லை என்றான்.

“அண்ணா, எண்டிங் சாங்குக்கு அப்புறம் பாக்கமாட்டீங்களா?”

“பாட்டு வந்தா முடிஞ்சுதானே டீச்சர்.”

“ஹோல் பாயிண்டே அதுக்கு அப்புறம்தான் லா. அதுலதான் கேட்டவங்க என்ன குடுத்தாங்கன்னு வரும். ரிவெஞ்ச் ஃப்ரீன்னு நெனச்சீங்களா?”

வகுப்பு முடிந்து அவள் தன் கைப்பேசியில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. பழிவாங்கியவர் வீடு திரும்புகிறார். மேசையில் அவருக்குக் காலி இடம் இல்லை; ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை; அவர் எழுந்து வெளியே போனாலும் உணவு மேசை அப்படியே நிறைந்திருக்கிறது. டோக்கன் பாப்பா படியில் உட்கார்ந்து சொல்கிறாள்: “இனி நீங்கள் இல்லாத குறை எங்கும் இருக்காது.” முப்பத்தாறு பேரிடமும் அதே வாக்கியம், அதே குரல். இளமாறன் ஆறாவதோடு நிறுத்தச் சொன்னான்.

“இதுக்கு மாத்து ஏதாச்சும் இருக்கா டீச்சர்?”

“ஷூவத் திருப்பி வெச்சா மாட்டிக்கிட்ட ஆள் போயிடலாம். கேட்டவங்களுக்கு ஒண்ணும் திரும்பக் கிடைக்காது. நோ ரிஃபண்ட். ஏன்ணா, யாருக்குக் கேக்கறீங்க?”

“சும்மா,” என்றான். அடுத்த ஞாயிறு அவன் வகுப்புக்குப் போகவில்லை. வருகைப் பதிவில் நிவேதிதா எல்லோருக்கும் நேராக டிக் போட்டாள்.

2025 ஜனவரியில், நல்ல மழை பெய்த ஒரு புதன்கிழமை காலை, இளமாறன் படிக்கட்டில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தான். லாரி போயிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். போயிருக்கவில்லை. அழகப்பன் ஒரு காலை லாரியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு நின்றான்.

“எடுக்காதீங்க யாக்கூப் அண்ணே. மாறன் இன்னும் வரல.”

“எண்ணியாச்சு லா. ட்வெண்டி டூ. ஃபுல்.”

“திரும்ப எண்ணுங்க.”

யாக்கூப் எண்ணினார். இருபத்திரண்டு. நெய்னா எண்ணினார். இருபத்திரண்டு. அழகப்பன் எண்ணினான். இருபத்தொன்று.

“ஒனக்குக் கணக்கு வராது மாப்ள,” என்றார் நெய்னா. “கேங் லீடர் ஆனவன் எவனுக்கு வந்துச்சு.”

“அவன் உக்கார்ற எடம் காலியா இருக்குல்ல பாய்?”

எல்லோரும் அந்த இடத்தைப் பார்த்தார்கள். காலியாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு தொழிலாளியின் கால் வெளியே இருக்கும்போது வண்டியை எடுக்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. அழகப்பன் காலை எடுக்கவில்லை. மழையில் நனைந்துகொண்டு வந்து இளமாறன் ஏறினான். இருவரும் பேசிக்கொள்ளவில்லை, அப்பா இறந்த நாளிலிருந்து பேச்சு இல்லை. இரண்டு ஆண்டுகளாகவே அழகப்பனுக்கு மட்டும் அவன் இல்லாதது தெரிந்துகொண்டிருந்தது என்பதும், தன்னிடம் பேசாதவன்மேல் இருந்த கோபத்தில் வாய் திறக்காமல் இருந்தான் என்பதும் பின்னர் தெரியவந்தது. தொடரில் இதற்கு விளக்கம் உண்டா என்று இளமாறன் கேட்டதற்காக நிவேதிதா முப்பத்தாறு பகுதியையும் மறுபடி பார்த்தாள். இல்லை.

அதன் பிறகு இளமாறன் வேண்டுமென்றே தாமதமாக வரத் தொடங்கினான். ஆறு மணிக்கே குளித்து, உடுத்தி, பச்சை நிறக் குப்பைத்தொட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். யாக்கூப் எண்ணி முடிப்பார். பிறகு அந்தக் குரல் வரும்: மாறன் இன்னும் வரல. அதைக் கேட்டுவிட்டு, பத்து வரை எண்ணி, ஓடி வருவதுபோல் வருவான். ஆகஸ்டுக்குள் நாற்பத்தொரு முறை இப்படி நடந்தது. “உங்க ரெண்டு பேருக்கும் என்ன லவ்வா? டெய்லி ஒரே டிராமா,” என்றார் யாக்கூப். ஒரு நாள் உண்மையாகவே காய்ச்சல் கண்டு, ஆங் மோ கியோவில் பெயின்ட் வைக்கும் அறையில் சாக்குக்கு மேல் தூங்கிப்போனான். மாலை லாரி அவனில்லாமல் கிளம்பியது. முன்னிருக்கையில் அசந்து தூங்கிய அழகப்பன் பாதி வழியில் விழித்து, இறங்கி, பேருந்தில் திரும்பி வந்து, பதினொரு மாடியும் படி ஏறித் தேடிக் கண்டுபிடித்தான். கண்டதும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். இரண்டரை ஆண்டுகளில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அந்த வார்த்தையை இளமாறன் வெகுநாள் பத்திரமாக வைத்திருந்தான்.

ஆகஸ்ட் கடைசியில் அழகப்பனின் அம்மா உண்மையிலேயே படுத்த படுக்கையானார். தகவல் வியாழக்கிழமை வந்தது. வெள்ளியும் சனியும் வேலை முடிந்து இரவில் அவன் விமானம் ஏறி இறங்கினான். ஞாயிறு காலை, விடுதி காலியாகிக்கொண்டிருந்த நேரம், பையோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். இளமாறன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“சாங்கிதான்டா வருது,” என்றான் அழகப்பன். “எத்தனை தடவ ஏறினாலும்.”

“தெரியும்.”

“அன்னிக்கு நான் சொன்ன பொய்தான் இப்பப் போயி அங்க படுத்திருக்கு. ஒங்கப்பா விஷயத்துல நான் பண்ணினது தப்பு மாறா. அப்பவே சொல்லிருக்கணும். முறுக்கக் குடுத்தேன்.”

இளமாறன் கொஞ்ச நேரம் தன் கால் விரல்களைப் பார்த்தான். “ஒன் லெஃப்ட் ஷூ ஒண்ணு காணாமப் போச்சுல்ல?”

“ஆமா. புது ஷூ ஒரு மாசம் கடிச்சுது. அதுக்கென்ன இப்ப?”

“என்கிட்டதான் இருக்கு. அலமாரிக்குப் பின்னாடி.”

முப்பத்தாறு பகுதியும் பார்த்தவனுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியிருக்கவில்லை. அழகப்பன் பையின் வாரை விரலில் சுற்றினான்.

“டோக்கன் பாப்பா வந்தாளா?”

“வந்தா.”

“எப்படி இருந்தா?”

“பார்த்த மாதிரியேதான். கொஞ்சம் குட்டை.”

அழகப்பன் பையைக் கீழே வைத்துவிட்டு அவன் கன்னத்தில் பலமாக ஒன்று கொடுத்தான். கையை உதறிக்கொண்டான். “சரி. எந்திரி. போயித் திருப்பி வை.”

இளமாறன் எழவில்லை. பாட்டுக்குப் பிறகு வரும் ஒன்றரை நிமிடத்தைப் பற்றிச் சொன்னான். மல்லித்தழையைப் பற்றிச் சொன்னான். “வியாழக்கிழமையே திருப்பிருக்கணும். திருப்பத்தான் போனேன். வெள்ளிக்கிழம காலைல லாரியில நீ என் பேரச் சொன்ன. சரி, இன்னும் ஒரு நாள் போகட்டும்னு விட்டுட்டேன். சனிக்கிழமையும் சொன்ன. நீ போயிட்டா, நான் வரலேன்னு யாருடா சொல்லுவா?”

அழகப்பன் பையை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். எங்க அம்மா சாகக் கிடக்குதுடா என்று மட்டும் சொன்னான், கோபமில்லாமல், ஒரு விலாசம் சொல்வதுபோல. இளமாறன் எழுந்து மாடிக்குப் போனான். அலமாரியை நகர்த்தினான். பூட்ஸில் பூஞ்சை பிடித்திருந்தது. அதைத் துடைத்து, நுனி வாசலைப் பார்க்கும்படி நடைக்கூடத்து அடுக்கில் வைத்தான். டோக்கனைத் திரும்ப வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. அன்று பிற்பகல் அழகப்பன் விமானம் ஏறினான். இறங்கியபோது அனல் அடித்தது. வெளியே டாக்சிக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பையைப் பிடித்து இழுத்தார்கள். திருச்சிதான். அம்மா அதன் பிறகு இருபத்தாறு நாள் இருந்தார். அவன் கையால் கஞ்சி குடித்தார். கொள்ளியும் அவனே வைத்தான். அவன் சிங்கப்பூருக்குத் திரும்பவில்லை. வேலை அனுமதியை ரத்து செய்த அலுவலகம் சான்றிதழைத் திருப்பிக் கேட்கவில்லை.

அழகப்பன் விமானம் ஏறிய மறுநாள், திங்கட்கிழமை, இளமாறன் பழக்கத்தில் குப்பைத்தொட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றான். யாக்கூப் எண்ணினார். எண்ணிக்கை முழுதாக வந்தது. தடுப்புப் பலகை மாட்டும் சத்தம் கேட்டது, லாரி போய்விட்டது. அன்றிலிருந்து அவன் ஐந்தே முக்காலுக்கே லாரி நிற்குமிடத்துக்கு வந்து, முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொள்கிறான். நெய்னா இப்போது வேறொரு தொடர் போடுகிறார், சமையல் போட்டி. பாட்டு வந்ததும் அணைத்துவிடுகிறார். ஞாயிறுகளில் இளமாறன் லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கத்துப் புல்வெளியில் உட்காருகிறான். சுற்றிலும் ஆயிரம் பேர் கைப்பேசியில் ஊரோடு பேசிக்கொண்டிருப்பார்கள்; எப்போ வர்றீங்க என்ற கேள்வி எல்லாப் பக்கமும் ஸ்பீக்கரில் கேட்கும். அவனும் கண்மணியைக் கூப்பிடுவான். அவள் மாட்டைப் பற்றியும் ரேஷனைப் பற்றியும் சொல்வாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு அவள் புதிதாக ஒன்று சொன்னாள். “ஏங்க, அறந்தாங்கிலேர்ந்து ஒருத்தர் வர்றாரு. ரெண்டு பஸ் மாறி. ஞாயித்துக்கிழமையானா வந்து வாசல்ல நின்னு, மாறன் இன்னும் வரலியான்னு கேக்கறாரு. காப்பி குடுப்பேன். குடிச்சுட்டு, தெருவையே கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போயிடுவாரு.”

“நீ என்ன சொன்ன?”

“என்னத்தச் சொல்றது. நீங்கதான் இங்கயே இருக்கீங்களே. பாவம், யாரையோ தொலைச்சிட்டாரு போலருக்கு.”

நவம்பரிலும் அவர் வந்தார். மார்கழி மழையிலும் சான்றிதழோடு கிடைத்த குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்தார். கேள்வி மாறவில்லை. கண்மணி அவருக்கென்று ஒரு டம்ளர் ஒதுக்கினாள். இந்த ஆண்டு மார்ச்சில் ஒரு ஞாயிறு பேருந்து ஓடாததால் அவரால் வர முடியவில்லை. அன்று ரக்ஷனா வீட்டுப்பாடத்தை வாசற்படிக்கு எடுத்துக்கொண்டு வந்து, எழுதாமல் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததாகக் கண்மணி சொன்னாள்.

“யாரடி பாக்கறேன்னு கேட்டேன். அப்பாவத் தேடி வர்ற மாமா இன்னும் வரலியேம்மாங்கறா.”

இளமாறன் புல்லில் கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றினான். “எவ்வளவு நேரம் உக்காந்திருந்தா?”

“ஒரு மணி நேரம் இருக்கும். ஏன்?”

“ஒரு மணி நேரமா,” என்றான். அந்த ஒரு மணி நேரத்தில் அழகப்பனுக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்று அவன் பிரித்துப் பார்க்கவில்லை. முழுவதையும் எடுத்துக்கொண்டான்.